வேலை தேடுவது இ-பாஸ் காரணங்களில் இல்லை: வட ஆற்காட்டின் 2020

கொரோனா ஊரடங்கு நடந்த 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டின் வேலையின்மை விகிதம் 49.8 சதவீதம் என்று, சி.எம்.ஐ.இ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் கணக்கிட்டது. நாடு முழுமைக்குமான விகிதம் 23.5 சதவீதம்தான். இந்த எண் செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தது. ஆனால் அது யாரை எண்ணுகிறது என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. அந்த மையத்தின் கணக்கில், வேலை செய்ய விருப்பத்தோடு இருந்து, வேலையைத் தேடிக்கொண்டும் இருப்பவர்தான் வேலையில்லாதவர். விருப்பம் இருந்தும் தேடாமல் இருப்பவரை அது வேறு கணக்கில் வைக்கிறது. முதன்மை விகிதத்தில் அவர் இடம்பெறுவதில்லை. அதே ஏப்ரலில், வேலை செய்பவரையும் தேடுபவரையும் சேர்த்துக் கணக்கிடும் உழைப்புப் பங்கேற்பு விகிதம் நாடு முழுவதும் 35.6 சதவீதமாகச் சரிந்ததற்குக் காரணம், வேலை இழந்தவர்களில் பெரும்பகுதியினர் தேடும் முயற்சியையும் விட்டுவிட்டதாகக் கணக்கில் பதிவானதுதான்.

விட்டுவிட்டார்களா, தேட வழியில்லாமல் நின்றார்களா என்பதைப் பழைய வட ஆற்காட்டில், குறிப்பாக இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், தரையில் நின்று பார்த்தால்தான் தெரியும். இப்பகுதியில் வேலை தேடுவது என்பது கால்நடையாகவும் பேருந்திலும் நடக்கும் காரியம். ஷூ கம்பெனியின் கேட்டில் காலை ஏழரை மணிக்குப் போய் நின்று "ஆள் எடுக்கிறாங்களா அண்ணா?" என்று வாட்ச்மேனைக் கேட்பது, உள்ளே வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைப்பது, சிப்காட் சாலையின் டீக்கடையில் காண்ட்ராக்டரின் ஆளைப் பிடிப்பது, கட்டட வேலைக்கு மேஸ்திரி வரும் முச்சந்தியில் விடியற்காலையில் நிற்பது என்று தேடலின் எல்லா வழிகளும் நேரில் போவதையே நம்பியிருந்தன. ஊரடங்கு வேலையைப் பறித்தது என்பது எல்லோரும் எழுதியது. வேலை தேடும் வழியையும் அது அடைத்தது என்பதும், அடைப்பு நீங்கியபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நீங்கவில்லை என்பதும்தான் இந்த வட்டாரத்தின் 2020ஐப் புரிந்துகொள்ள முக்கியமானவை.

ஆம்பூரிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தோலும் தோல் பொருளும் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. இங்கே தைக்கப்படும் ஷூக்களில் பெரும்பகுதி ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. அதனால் ஆம்பூருக்கு நெருக்கடி, நாடு தழுவிய ஊரடங்கு வந்த மார்ச் 25 அன்று தொடங்கவில்லை. இத்தாலி மார்ச் 9 அன்றே நாடு முழுவதற்கும் கட்டுப்பாடு விதித்துவிட்டது. அடுத்தடுத்துப் பிற நாடுகளும் கடைகளை மூடின. அங்கே கோடைக்கால ஷூக்கள் அலமாரியில் தேங்கியபோது, இங்கே அடுத்த பருவத்துக்கான ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன, சில ரத்தாயின. தமிழ்நாட்டில் மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்புத் தொட்டியிலும் டிரம்மிலும் பாதிப் பதத்தில் தோல்கள் கிடந்தன. அந்த நிலையில் விட்டால் தோல் அழுகும் என்பது இத்தொழிலில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் கணக்கு முடிக்காமலே வீட்டுக்குப் போனார்கள்.

ஷூ கம்பெனிக்குள் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங் என்று பிரிவுகள் உண்டு. ஸ்டிச்சிங்கிலும் ஃபினிஷிங்கிலும் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பேருந்தும் வேனும் அவர்களை ஏற்றி வரும். இவர்களுக்கு வெளியே இன்னொரு வட்டம் இருக்கிறது: ஷூவின் மேல்பாகமான அப்பரை வீட்டில் வாங்கிவைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள். வருகைப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இராது. தைக்கக் கொடுக்கும் இடைத்தரகரின் நோட்டில்தான் இருக்கும். மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று, ஊரடங்குக் காலத்துக்கு ஊதியத்தைப் பிடித்தமில்லாமல் வழங்கும்படி முதலாளிகளுக்கு உத்தரவிட்டது. பதிவேட்டில் இருந்தவருக்காவது அந்த உத்தரவைக் காட்டி ஒரு வார்த்தை கேட்க முடிந்தது. நோட்டில் இருந்தவர் யாரிடம் கேட்பது? அந்த உத்தரவும் நீடிக்கவில்லை. மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. பேசித் தீர்த்துக்கொள்வதற்கு இரு தரப்புக்கும் ஓரளவாவது சமமான பிடிமானம் வேண்டும். கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு அது எங்கிருந்து வரும் என்று அந்த ஆணை சொல்லவில்லை.

மே மாதத்தில் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, குறைந்த ஆட்களோடு ஏற்றுமதி ஆலைகள் இயங்கலாம் என்று அனுமதி வந்தது. குறைந்த ஆட்கள் என்றால் யார் என்பதைச் சூப்பர்வைசரின் கைப்பேசி தீர்மானித்தது. யாருடைய எண் அதில் இருந்ததோ, யாருடைய எண் ரீசார்ஜ் தீராமல் உயிரோடு இருந்ததோ, யாரிடம் சொந்தமாக இருசக்கர வாகனமோ கொண்டுவந்து விடக் கணவனோ தம்பியோ இருந்தார்களோ அவர்கள் முதலில் அழைக்கப்பட்டார்கள். பேருந்தை நம்பி வந்த பெண்கள் கடைசி வரிசைக்குப் போனார்கள். நிறுவனங்கள் திட்டமிட்டு இப்படிச் செய்தன என்று சொல்ல வரவில்லை; வந்து சேரக்கூடியவரைத்தான் அழைக்க முடியும். ஆனால் வந்து சேரக்கூடியவர் யார் என்பதை அரசின் போக்குவரத்து ஆணைகள் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டிருந்தன.

அந்த ஆணைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு 2019 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது; நவம்பர் இறுதியில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்ததே என்று மக்கள் மகிழ்ந்தார்கள், அதில் நியாயமும் உண்டு. அரையாண்டு கழித்து அந்த எல்லைக்கு யாரும் எதிர்பார்க்காத ஒரு பொருள் வந்தது. ஜூன் 1 முதல் மாநிலம் எட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்துக்குள் பேருந்துகள் ஓடின. சென்னையும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களும் அதில் சேரவில்லை. ஜூன் 25 முதல் மண்டலம் போய் மாவட்டமே எல்லையானது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் என்ற இணையவழிப் பயண அனுமதி கட்டாயம் என்றார்கள். ஜூலை 1 முதல் பேருந்தும் நின்றது.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். பேரணாம்பட்டு வேலூர் மாவட்டம். அங்கிருந்து வேலைக்குப் போகும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். அங்கிருந்து கடை வேலைக்கும் மருத்துவமனை வேலைக்கும் போகும் வேலூர் வேறு மாவட்டம். ஓராண்டுக்கு முன்பு ஒரே மாவட்டத்தின் பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருந்தவற்றுக்கு இடையே, முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு, இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் காரணம் கேட்டார்கள். மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினர் மரணம், திருமணம் என்று சில காரணங்கள் இருந்தன. வேலை தேடுவது அவற்றில் இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு நிறுவனம் அனுமதி வாங்கித் தர முடிந்தது. வேலையில்லாதவருக்கு வேலை கிடைத்தால்தான் அனுமதி, அனுமதி கிடைத்தால்தான் வேலை. ஆகஸ்ட் 17 முதல் ஆதார் விவரத்தோடு விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இ-பாஸ் உடனே கிடைக்கும் என்று மாறும்வரை இந்த முடிச்சு அவிழவில்லை. நோய்ப் பரவலைத் தடுக்க நடமாட்டத்தைக் குறைப்பது தேவையாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. பட்டியலில் இன்னொரு காரணத்தைச் சேர்ப்பதால் அந்த நோக்கம் கெட்டிருக்குமா என்பதுதான் கேள்வி.

மாநில எல்லையில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் சித்தூர் மாவட்டத்துக்குப் போகும் இரண்டு சாலைகளின் குறுக்கே, குடியாத்தம்–பலமநேர் சாலையிலும் பொன்னை–சித்தூர் சாலையிலும், ஹாலோ பிளாக் கற்களால் சுவரே எழுப்பியது. எதிர்ப்பு வந்த பிறகு சில நாளில் இடித்தார்கள். குடியாத்தம் பக்கத்து மக்களுக்குப் பலமநேரும் சித்தூரும் அயல் மாநிலம் என்ற நினைப்பே பெரும்பாலும் வருவதில்லை. தக்காளி லோடு இறக்குவது முதல் பெண் எடுப்பது வரை போக்குவரத்து உண்டு. பெங்களூரில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போய்வரும் வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, திருப்பத்தூர் ஆட்களுக்கும், காபித் தோட்டங்களுக்குக் கர்நாடகம் போகும் ஜவ்வாது மலை மக்களுக்கும் எல்லை மூடியது என்றால் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி மூடியது என்று பொருள்.

வேலூர் நகரத்தின் கதை வேறு. தோலும் தொழிற்சாலையும் இல்லாமலே இந்நகரத்தின் நடுப்பகுதி ஒரு மருத்துவமனையால் வாழ்கிறது. ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சி.எம்.சி.க்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். காந்தி சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த லாட்ஜும் மெஸ்ஸும் வரிசையாக இருப்பது இதனால்தான். ஒரு நோயாளி குடும்பத்தோடு வந்து சில வாரம் தங்கினால், ரூம் பாய், சலவைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மீன் விற்பவர், இந்தியும் வங்காளமும் பேசித் துணைக்குப் போகும் இளைஞர் என்று பலருக்கு அதில் கூலி இருக்கிறது. மார்ச் 22 முதல் பன்னாட்டு விமானங்கள் நின்றன, ரயில்களும் நின்றன. வந்திருந்த நோயாளிகள் வாடகை கொடுக்கவும் முடியாமல், ஊர் திரும்பவும் முடியாமல் லாட்ஜ் அறைகளில் வாரக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். மே மாதம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில்கள் புறப்பட்டபோது, போகிறவர்களுக்கு அது விடுதலை. அவர்களை நம்பியிருந்த தெருவுக்கு எஞ்சியிருந்த வருமானமும் ரயிலேறியது. ரூம் பாய்க்கு வேலை நீக்க ஓலை எதுவும் தரப்படவில்லை. "திறந்ததும் கூப்பிடுறோம், தம்பி" என்ற வாய்மொழி மட்டும்தான். அந்த ஒரு சொல் போதும், அவர் தன்னை வேலையில்லாதவராக நினைக்காமல், வேறு வேலையும் தேடாமல், காத்திருப்பதற்கு. கணக்கெடுப்பவர் இவரை எந்தப் பத்தியில் எழுதுவார்?

ஊரடங்கின்போது சி.எம்.ஐ.இ.யின் கணக்கெடுப்பே நேரில் போகாமல் தொலைபேசி வழியாகத்தான் நடந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளுக்கு அரக்கோணம், ராணிப்பேட்டை, ஆற்காடு பகுதிகளிலிருந்து போன இளைஞர்களின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் ஏப்ரல் மாதம் உள்நாட்டில் ஒரு காரைக்கூட விற்கவில்லை. கார் விற்காதபோது கதவு, சீட், வயர் செய்து தரும் சிறு ஆலைகளில் ஆட்குறைப்பு தொடங்கியது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த இவர்களில் பலர், நீம் என்ற மத்திய அரசுப் பயிற்சித் திட்டத்தின் கீழ் ட்ரெய்னி என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ட்ரெய்னி சட்டப்படி தொழிலாளியாகக் கருதப்படவில்லை; வருங்கால வைப்பு நிதிக்கோ (பி.எஃப்.), தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கோ (ஈ.எஸ்.ஐ.) அவருக்குப் பிடித்தம் இருக்கவில்லை. வேலை போனபோது அது வேலை இழப்பாகப் பதிவாகவில்லை, பயிற்சி முடிந்ததாகப் பதிவானது.

இந்தப் பிடித்தம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பிரித்தது. மார்ச் இறுதியில், வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை, அல்லது இருப்பில் 75 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத முன்பணமாக எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அது தொழிலாளியின் சொந்தப் பணம் என்பதால் அதை நிவாரணம் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. உண்மையான வேலையின்மை உதவி என்று சொல்லத்தக்கது ஈ.எஸ்.ஐ.யின் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். சராசரி ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்த உதவியை 50 சதவீதமாக உயர்த்தி, 90 நாள்வரை வழங்கவும், முதலாளி வழியாகப் போகாமல் தொழிலாளியே நேரடியாக ஈ.எஸ்.ஐ. கிளையில் விண்ணப்பிக்கவும் 2020 ஆகஸ்டில் வழி செய்தார்கள். மார்ச் 24 முதல் வேலை இழந்தவர்களுக்கு அது பொருந்தியது. ஆனால் இரண்டு ஆண்டுகளாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் காப்பீட்டு எண்ணும் மாறிய ஒருவர் அந்த இரண்டு ஆண்டைக் காட்டுவது எளிதல்ல. அப்பர் தைப்பவருக்கும், ரூம் பாய்க்கும், ட்ரெய்னிக்கும் இத்திட்டத்தின் வாசலே கிடையாது. ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து வழங்கப்பட்ட 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும்தான் எல்லோரையும் தொட்டன. சோற்றுப் பிரச்சினையை அவை ஓரளவு தாங்கின என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தேவைப்பட்டது சோறு மட்டுமல்ல. குழு லோன் இருந்தது. வங்கிக் கடன் தவணைகளை மார்ச் முதல் ஆகஸ்ட்வரை ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருந்தது. ஆனால் ஒத்திவைப்பது கடன் கொடுத்தவர் தரும் சலுகை. வட்டி நிற்காமல் ஓடும். வாரந்தோறும் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் பணம் கட்டும் பெண்கள் குழுவில், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பெண் தைத்துக் கொடுத்த அப்பருக்கான கூலி நின்றுபோனாலும், குழுவில் இருக்கும் சித்தியின், அண்ணியின் முகத்தில் விழிக்க வேண்டுமே. நல்ல வேலைக்காகக் காத்திருக்கும் உரிமையை இந்தக் கடன் பறித்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கிடைத்தது என்ன? முதலாவது, கிராமப்புறங்களுக்கான நூறு நாள் வேலை. 2020 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் அதன் கூலி 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்தது. தனியார் பள்ளி ஆசிரியர்கள் மண்வெட்டியோடு நின்ற புகைப்படங்கள் அந்த ஆண்டு தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கலாம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் போன்றவை நகராட்சிகள். அங்கே குடியிருப்பவருக்கு இந்தத் திட்டம் கிடையாது. இரண்டாவது தள்ளுவண்டி. ஆட்டோ ஓட்டியவர், ஹோட்டலில் பரிமாறியவர், ஷூ கம்பெனியில் கட்டிங் செய்தவர் என்று பலரும் காய்கறியும் பழமும் விற்கத் தெருவுக்கு வந்தார்கள். மே மாதம் வாணியம்பாடியில் ஒரு நகராட்சி அதிகாரி, விதி மீறியதாகச் சொல்லிப் பழ வண்டிகளைக் கவிழ்த்துத் தரையில் கொட்டிய காணொளி நாடெங்கும் பரவியது. அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது, இடமாற்றமும் செய்யப்பட்டார். பார்த்தவர்கள் அதிகாரத்தின் கொடுமையைப் பேசினார்கள். வேலைச் சந்தை அடைபட்ட ஊரில் தள்ளுவண்டிதான் கடைசி வேலைவாய்ப்பு என்பதும் அந்தக் காணொளியில் இருந்தது.

படித்தவர்களின் தேடல் இன்னொரு விதமாக முடங்கியது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வைப்பது இங்கே ஏறக்குறைய குடும்பச் சடங்கு. பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவருக்குத் தகுதிக்கேற்ப மாதம் 200 ரூபாய் முதல் 600 ரூபாய்வரை உதவித்தொகை உண்டு. பட்டதாரிக்குத்தான் அந்த 600. திடீரென்று வந்த வேலையிழப்புக்கு ஐந்து ஆண்டு காத்திருப்பு எந்த வகையிலும் பொருந்தாது. 2020 ஜூனில் தமிழக அரசு தனியார் துறை வேலைகளுக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது, நல்ல முயற்சிதான். ஆனால் ஆட்களை வாய்வழியாகவும் காண்ட்ராக்டர் வழியாகவும் எடுத்துப் பழகிய ஆலைகள் தங்கள் காலியிடத்தை இணையத்தில் ஏற்ற எந்த அவசரமும் இல்லாதிருந்தன. அரசு வேலையை நோக்கிப் படித்தவர்களுக்கோ, ஏப்ரல் 5 அன்று நடக்கவிருந்த குரூப் 1 முதல்நிலைத் தேர்வு 2021 ஜனவரி 3 அன்றுதான் நடந்தது; அந்த ஆண்டு குரூப் 4 அறிவிப்பே வரவில்லை. மே 7 அன்று அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆனது. ஓய்வுப் பலன்களை ஓராண்டு தள்ளிப்போடுவதற்கு அரசுக்கு அது வசதியாக இருந்தது. அதே மாதம் புதிய பணியிடங்கள் உருவாக்கவும் தடை வந்தது. பயிற்சி மையங்கள் மூடிய நிலையில், வேலூரில் அறை எடுத்துப் படித்தவர்கள் கிராமத்துக்குத் திரும்பி, சிக்னல் கிடைக்கும் மொட்டைமாடியில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் படித்தார்கள். அந்தக் கைப்பேசிக்கே "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் கட்டினால் போதும்" என்ற குறுஞ்செய்திகளும் வந்தன. ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை.

செப்டம்பர் 1 அன்று மாவட்டத்துக்குள்ளும், 7 அன்று மாவட்டங்களுக்கு இடையிலும் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. கேட்டுகளில் கூட்டம் திரும்பியது; ஆனால் அதற்குள் ஆலைகள் கைப்பேசி வழியாக அழைத்த ஆட்களைக்கொண்டு ஓடப் பழகிவிட்டிருந்தன. பள்ளிகள் மூடியே இருந்ததால், பிள்ளைகளை வீட்டில் தனியே விட முடியாத பெண்கள் அழைப்பு வந்தும் போகவில்லை. ஜோலார்பேட்டை, காட்பாடி, சோளிங்கர், வாலாஜா ரோடு நிலையங்களில் நின்று போகும் முன்பதிவில்லாப் பயணிகள் ரயில்கள் அந்த ஆண்டு முடியும்வரை ஓடவில்லை. சீசன் டிக்கெட்டில் மாதம் முழுவதும் போய்வந்தவர் இப்போது தினமும் பேருந்துக்குக் கொடுக்க வேண்டும், அல்லது வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டும். ஹெல்ப்பர் வேலைக்குச் சொன்ன சம்பளத்தில் அதைக் கழித்துப் பார்த்தவர்கள், கிடைத்த வேலையையும் வேண்டாம் என்றார்கள்.